எந்த நில்?

இதில் எதையும் நான் என் கண்ணால் பார்க்கவில்லை. அரியலூரிலிருந்து கல்லங்காடு வழியாகப் போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் சவரிமுத்து அண்ணன் சொல்லிக் கேட்டது. அவரும் பாதியைப் பார்த்தவர், மீதியைப் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களிடம் கேட்டவர். சாலைப் பணி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்ததே எல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சரிபார்க்காத தாளில் கையெழுத்துப் போட எனக்குப் பயம். அதனால் அண்ணன் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். நானே போய்ப் பார்த்ததைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கல்லங்காட்டு ஓடைமேல் இருந்த பழைய பாலத்தைப் பாதி இடித்துப் புதுப் பாலம் கட்டிய அந்த ஒன்றரை வருஷமும், சாலையின் ஒரு பக்கம் தோண்டிக் கிடக்க, மறுபக்கத்தில் முந்நூறு மீட்டருக்கு ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிதான் போக முடியும் என்றிருந்தபோது, வடக்கு முனையில் தங்கப்பொண்ணு அக்காவும் தெற்கு முனையில் வேம்பும் நின்றார்கள். அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருஷம் கல் உடைக்கும் கிரஷரில் தூசியோடு வேலை செய்தவர். அங்கே அவர் எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. இங்கே அவர் வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினால் முப்பது டன் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி நின்றது. அந்த வேலையை அவர் அவ்வளவு பிரியமாகப் பார்த்தார் என்று அண்ணன் சொன்னார். வேம்புக்கு இருபத்தாறு வயது. அவளிடம் ஒரு சிவப்புக் கொடியும் ஒரு பச்சைக் கொடியும் இருந்தன. அக்காவிடம் பலகை இருந்தது.

கம்பெனியிலிருந்து வர வேண்டிய பலகைகள் வந்து சேராததால், சூப்பர்வைசர் தெய்வசிகாமணி லாரி பட்டறையில் எழுத்து எழுதும் ஒருவரைப் பிடித்து, வட்டத் தகரத்தில் ஒரு பக்கம் சிவப்படித்து வெள்ளையில் ‘நில்’ என்றும், மறுபக்கம் பச்சையடித்து ‘செல்’ என்றும் எழுதி வாங்கி, ஒரு குழாயில் அதைப் பற்றவைத்துக் கொடுத்தார். லாரி நெற்றியின் அகலத்துக்கே எழுதிப் பழகிய கை அது. ‘நி’ ஒரு கோடியிலும் ‘ல்’ ஒரு கோடியிலும் இருக்க, நடுவில் இன்னோர் எழுத்து வந்து உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

முதல் நாள் முதல் தடவை அக்கா அதைத் தூக்கிக் காட்டியபோது ஒரு கல் லாரி நின்றது, அதன் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, அதற்கும் பின்னால் மூன்று நாளாக எழுந்திருக்க முடியாமல் சாலையோரம் படுத்துக் கிடந்த கன்றுக்குட்டி ஒன்று நாலு காலையும் ஊன்றி எழுந்து நின்றது. கன்றுக்காரர் வந்து அதை ஓட்டிக்கொண்டு போனார். நில் என்று எழுதியிருந்தது, நின்றது. அதில் பேச என்ன இருக்கிறது என்று யாரும் பேசவில்லை. மறுநாள், சாலையை அகலப்படுத்த வெட்டிச் சாய்த்திருந்த புளியமரம், கிளையில் கட்டியிருந்த கயிற்றையும் இழுத்துக்கொண்டு எழுந்து, தன் அடிமரத்தின்மேல் சரியாகப் பொருந்தி நின்றபோதுதான் தெய்வசிகாமணி வேகமாக நடந்து வந்தார்.

“எக்கா, அந்தப் பக்கம் திருப்பாத. அறுத்த மரத்தயே எத்தன தடவ அறுக்கிறதுன்னு அவனுங்க மொணங்குறானுங்க.”

“நான் எங்கண்ணே திருப்பினேன். லாரி அந்தப் பக்கமாத்தான வருது.”

“அப்ப மரம் வெட்டுற நேரத்துல குடைய வச்சு மறைச்சுக்க.”

அன்றிலிருந்து மரம் அறுக்கும் நேரத்தில் அக்கா ஒரு கையில் பலகையும் ஒரு கையில் குடையுமாக நின்றார்.

சொல் ஒன்றுதான், நிற்பது பலவிதம் என்பது ஊருக்கு மெல்லத்தான் புரிந்தது. பலகையைப் பார்த்து மழை நின்றது. பஸ்ஸில் இருந்த ஒருவருக்கு இரண்டு நாளாக விட்டுவிட்டு வந்த விக்கல் நின்றது. இந்த முறை வார்டு தேர்தலில் நிற்கவே மாட்டேன் என்று மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்த நெல் வியாபாரி ஒருவர், பலகையைப் பார்த்த அன்று சாயங்காலமே மனு கொடுத்து, நின்று, தோற்றார். நிச்சயம் பண்ணத் தட்டுகளோடு போன வேன் ஒன்று பலகை முன்னால் நின்றது, கல்யாணமும் நின்றது. இரண்டு குடும்பமும் சேர்ந்து அக்காவைத் திட்டித் தீர்த்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மட்டும் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு சீப்பு வாழைப்பழத்தை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

ஊர் இதற்கெல்லாம் பழகிக்கொண்டது. சவரிமுத்து அண்ணனின் கைக்கடிகாரம் இரண்டு தடவை நின்ற பிறகு, கல்லங்காடு நெருங்கியதும் அவர் மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். அப்படியே படியில் தொங்கிக்கொண்டு, “கல்யாணம் பேசப் போறவங்க, கடை தொறக்கப் போறவங்க எல்லாம் குனிஞ்சுக்குங்க, காச்சக்காரங்க மட்டும் நிமிந்து பாருங்க” என்று ஒவ்வொரு நடையிலும் குரல் கொடுத்தார். மாப்பிள்ளைகள் சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். குடித்துவிட்டுச் சாலையோரம் விழுந்தவர்களை அவர்கள் வீட்டார் வடக்கு முனைக்குத் தூக்கி வந்து எதிரில் போட்டு, எழுந்து நின்றதும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். ஒன்றரை வயதாகியும் நிற்காத பிள்ளைகளைச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்தார்கள். வண்டி இல்லாத அந்த அரைமணி நேரத்தில் அக்கா தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு, பலகையை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டார்:

“எந்த நிக்கிறது? தெளிவாச் சொல்லு.”

கேட்பவர் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை காலூன்றி நிக்கணும் என்று சொல்ல வேண்டும். பிள்ளையின் அழுகை நிக்கணும் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் காட்டுவார். அப்படியும் ஒரு நாள் தவறியது. கால் மடங்கிப் போன பசுவோடு வந்த ஒரு பெண், மாடு எழுந்து நிக்கணும் என்றுதான் சொன்னாள், அக்காவும் அதையேதான் திருப்பிச் சொன்னார். மாடு எழுந்து நின்றது, அதோடு பாலும் நின்றது. அந்தப் பெண் கோபப்படவில்லை. அக்காவுக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வேம்பு அந்த வாரம்தான் அக்காவிடம் சொன்னாள். அவளுக்கு அதற்கு முன் மூன்று தடவை உண்டாகி, மூன்றும் நிலைக்கவில்லை. இரண்டு கரு மூன்றாம் மாதத்தில் போயின, ஒன்று நாலாம் மாதத்தில். இப்போது நாலாவது. வேலை இடத்தில் தெரிந்தால் சாலையில் நிற்க விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுத்ததால் சவரிமுத்து அண்ணனுக்கு மட்டும் தானாகத் தெரிந்திருந்தது.

“அக்கா, ஒரே ஒரு தடவ என் பக்கம் காட்டு” என்றாள் வேம்பு. “இந்தத் தடவயாவது நிக்கட்டும்.”

“நிக்கட்டும்னா எந்த நிக்கிறது? கரு நிக்கிறதா, துடிப்பு நிக்கிறதா? அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்த மாட்டுக்கு என்ன ஆச்சு, பாத்தல்ல?”

“முன்னாடி அந்த முனையிலேருந்து தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு என்ன ஆச்சு? கால் வலி நின்னுச்சு, அவ்வளவுதான்.”

“அப்ப நீ ஒருத்தி. இப்ப ரெண்டு பேரு.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அக்கா வடக்கிலிருந்து வரும் வண்டிகளுக்குச் ‘செல்’ காட்டும்போது, பலகையின் பின்பக்கத்து ‘நில்’ தெற்கு முனையைப் பார்த்திருக்கும். அதைப் பார்த்துத்தான் வேம்பு தன் பக்கத்து வண்டிகளை நிறுத்துவாள். உண்டானது தெரிந்ததிலிருந்து அவள் பலகையைப் பார்க்காமல், எதிரில் வரும் வண்டியைப் பார்த்துத் தோராயமாகத்தான் நிறுத்தினாள். அந்த நாளிலிருந்து அக்கா ‘செல்’ காட்டும்போதெல்லாம் ‘நில்’ பக்கத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வேம்புக்குத் தகவல் போக வேண்டுமே என்று, கடைசியாக விடும் வண்டியின் டிரைவரிடம் ஒரு வேப்பங்கொத்தைக் கொடுத்தனுப்பினார். கொத்து கைக்கு வந்தால் பாதை காலி. வேம்பு பச்சைக் கொடி காட்டலாம். கல் லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கோடு கொத்தைப் பிடித்துக்கொண்டு முந்நூறு மீட்டரும் ஊர்ந்து போய், “வேம்புக்கு வேம்பு” என்று சொல்லிக் கொடுப்பார்கள். தினமும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். தினமும் அவள் சிரித்தாள்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் உத்தரவு வந்தது. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்காத யாரும் இனிமேல் சாலையில் கொடியோ பலகையோ பிடிக்கக் கூடாது. பயிற்சி நான்கு நாள், ஐந்தாம் நாள் தேர்வு. தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கம்பெனியின் புதுப் பலகை. கையில் இருக்கும் பழைய பலகைகள் அன்று சாயங்காலமே கிடங்குக்குப் போய்விடும். தேர்ச்சி பெறாதவர்கள் வேறு வேலை பார்க்கலாம். வேறு வேலை என்றால் என்ன என்று அக்காவுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அதைத்தான் பார்த்தார்.

பயிற்சி கல்லங்காடு சமுதாயக் கூடத்தில் நடந்தது. நடத்த வந்தவர் பரஞ்சோதி என்பவர். தேர்வு வைப்பவரும் அவரே. கழுத்தில் விசில், கையில் இருபது அம்சம் கொண்ட மதிப்பெண் தாள். நல்ல மனிதர், ஆனால் தாளில் இல்லாததைப் பார்க்கத் தெரியாதவர் என்றார் சவரிமுத்து அண்ணன். நான் பரஞ்சோதி சாரைச் சந்தித்ததில்லை, அதனால் அதை அண்ணனின் அபிப்பிராயமாகவே எழுதுகிறேன்.

“இனிமே நீங்க கொடி புடிக்கிறவங்க இல்ல” என்று ஆரம்பித்தார் பரஞ்சோதி. “போக்குவரத்து நெறியாளர்.”

“வெயில் அதேதானா சார்?” என்றாள் வேம்பு.

எல்லோரும் சிரித்ததில் அவரும் சிரித்துவிட்டார். பிறகு அக்காவின் பலகையை வாங்கிப் பச்சைப் பக்கத்தைக் காட்டி, “இதுல என்ன எழுதியிருக்கு?” என்றார்.

“செல்லுங்க சார்” என்றார் அக்கா.

“நான் எங்கம்மா செல்லணும்?”

அவர் பலகையைத் திருப்பி மறுபக்கத்தையும் காட்டப் போன சமயத்தில் அக்கா எழுந்து அதைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். இருந்தாலும் ஓரமாக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கி வரிசையில் வந்து நின்றன. ஆள் உட்கார வசதியாயிற்று என்று பரஞ்சோதி பாடத்தைத் தொடர்ந்தார்.

அந்த நான்கு நாளில் அவர் நிறையச் சொல்லிக் கொடுத்தார். கூட்டத்தோடு நிற்கக் கூடாது, தனியாக நிற்க வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டக் கூடாது. உட்காரக் கூடாது. தப்பி ஓட ஒரு வழியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். “முக்கியமா, வாயால சொல்லாதீங்க, காட்டுங்க. லாரிக்காரன் காதுல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். நீங்க சொல்றது அவனுக்குக் கேக்காது, பலகை சொல்றதுதான் கேக்கும்.” அக்கா இதைக் கேட்டுத் தலையாட்டவில்லை. பலகை எதைச் சொல்லும் என்று அவருக்கு எப்போதுமே நிச்சயம் இருந்ததில்லை.

முதல் நாள் விண்ணப்பத்தை அவரவரே நிரப்ப வேண்டியிருந்தது. அக்கா மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பெயரை எழுதினார், ஊரை எழுதினார். ‘பயிற்சியின் பெயர்’ என்ற கட்டத்தில் கரும்பலகையைப் பார்த்து ‘போக்குவரத்து நெறியாளர், நிலை 1’ என்று எழுதச் சொன்னார்கள். ஒரு கால்மணி நேரம் எழுதியபின் அக்கா நிமிர்ந்தார்.

“இதென்ன சார், நில்லுக்குக் கொம்பு மொளச்சிருக்கு?”

பரஞ்சோதி குனிந்து பார்த்தார். “நில் இல்லம்மா, நிலை. ல் மேல இருக்கிற புள்ளிய எடுத்துட்டு முன்னால கொம்பு போட்டா நிலை. நிலை ஒண்ணுன்னா முதல் படின்னு அர்த்தம்.”

“எங்க ஊர்ல நிலைன்னா நிலைச்சு இருக்கிறது சார்” என்றாள் வேம்பு, தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

“அதுவும்தான்” என்றார் பரஞ்சோதி.

நான்காம் நாள் அவர் பதினொன்றாம் அம்சத்துக்கு வந்தார். பலகை உடம்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி இருக்க வேண்டும். வண்டிக்குச் ‘செல்’ காட்டினால், எதிர்முனையில் நிற்கும் கூட்டாளிக்குப் பின்பக்கத்து ‘நில்’ தெளிவாகத் தெரிய வேண்டும். “நீங்க என்னம்மா கைக்குழந்தையத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி அணைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?”

“நாங்க வேப்பங்கொத்து குடுத்து அனுப்புவோம் சார்.”

“அதுக்கு மார்க் கெடயாதும்மா. பதினொண்ணு தப்பினா மத்த பத்தொன்பதும் பிரயோஜனமில்ல. உயிர் சம்பந்தப்பட்டது அது.”

“ஆமாங்க சார்” என்றார் அக்கா. “அதான் யோசிக்கிறேன்.”

தேர்வு நாள் காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். சவரிமுத்து அண்ணன் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வேம்புக்கு ஐந்தாம் மாதம் பிறந்திருந்தது. இவ்வளவு தூரம் எதுவும் வந்ததில்லை. ஒளிரும் மஞ்சள் சட்டை பெரிதாக இருந்ததால் வயிறு தெரியவில்லை.

“நான் கண்ண மூடிக்கிறேன்க்கா” என்றாள்.

“நீ கண்ண மூடிக்கிட்டா ரெண்டு பக்கத்து லாரியும் பாலத்துல முட்டிக்கிட்டு நிக்கும்.”

“பெறகு என்னதான் பண்ணப் போற? கிரஷருக்கே போறியா?”

இறங்கும்போது அக்கா அண்ணனைப் பார்த்து, “வாட்ச மூடிக்கங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. அண்ணனின் பஸ் திரும்பி வரும்போது வடக்கு முனை வரிசையில் மூன்றாவதாக மாட்டிக்கொண்டதால், இதற்கு மேல் நடந்தது அவர் நேரில் பார்த்தது. அக்கா தனியாக நின்றார், வண்டிக்கு முகம் காட்டி நின்றார், ஓட வழி வைத்துக்கொண்டு நின்றார். ‘நில்’ காட்டினார், லாரி நின்றது, பஸ் நின்றது, ஒரு பேட்டரி ஆட்டோ நின்றது, ஆட்டோவில் விற்பனைக்குக் கிடந்த துடைப்பங்கள் எல்லாம் எழுந்து நின்றன. பரஞ்சோதி பத்து அம்சத்துக்கு டிக் போட்டார். பத்துக்கும் முழு மதிப்பெண். பிறகு, “பதினொண்ணு” என்றார்.

அக்கா பலகையைத் திருப்பினார். ‘நில்’ பக்கம் அவர் நெஞ்சில் இருந்தது.

“ஒரு கை தூரம்மா.”

அக்கா அசையவில்லை. முந்நூறு மீட்டர் தள்ளி வேம்பு சிவப்புக் கொடியோடு இந்தப் பக்கம் பார்த்து நின்றாள். அவளுடைய பக்கத்திலும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. யாரோ ஹாரன் அடித்தார்கள். பிறகு எல்லோரும் அடித்தார்கள். தெய்வசிகாமணி ஓடி வந்து, “காட்டுக்கா, ஒரு நிமிஷ வேல, காட்டிட்டு எறக்கிடு” என்றார். பரஞ்சோதி பேனாவைத் தாளுக்குமேல் பிடித்துக்கொண்டு, “அவசரமில்ல, நிதானமாப் பண்ணுங்க” என்றார். வேம்பு கண்ணை மூடவில்லை. கொடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை மஞ்சள் சட்டைக்குமேல் வயிற்றில் வைத்துக்கொண்டாள். காட்டு என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று அங்கிருந்து தெரியவில்லை.

அப்போது அக்கா, தேர்வின் நடுவில், பலகையைத் தரையில் ஊன்றிக் குந்தி உட்கார்ந்தார். உட்காரக் கூடாது என்பது ஏழாம் அம்சம். லாரியிலிருந்து சிந்திக் கிடந்த ஒரு சுண்ணாம்புக்கல் துண்டை எடுத்தார். அதன் கூர்மையான முனையால் ‘ல்’லின் மேலிருந்த புள்ளியைச் சுரண்டினார்; வண்ணம் உதிர்ந்து தகரம் தெரியும்வரை சுரண்டினார். பிறகு, பட்டறைக்காரர் காலியாக விட்டிருந்த இடத்தில், விண்ணப்பத்தில் கால்மணி நேரம் எழுதிப் பழகிய கையால், அதே கல்லால், மெதுவாக, பெரிதாக, இரண்டு சுழியும் சரியாக வருமாறு ஒரு கொம்பு போட்டார். எழுந்தார். பலகையை ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்தார். வடக்கு வண்டிகளுக்குச் ‘செல்’ தெரிந்தது. தெற்கில் வேம்புக்கு ‘நிலை’ தெரிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் இதை இரண்டு தடவை சொன்னார். எதுவும் எழுந்து நிற்கவில்லை, எதுவும் நின்றும் போகவில்லை. ஹாரன் அடித்தவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி கிளப்பிய புழுதி மட்டும் கீழே இறங்காமல், மேலே போகாமல், பாலத்துக்குமேல் அப்படியே இருந்தது. வெயில் அதில் பட்டு மினுங்கியது. வடக்கு வண்டிகள் ஒவ்வொன்றாக அதன் ஊடே போயின. வேம்பு வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே சிவப்புக் கொடியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பரஞ்சோதி பலகையின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்னம்மா இது?”

“நிலைங்க சார். நீங்க எழுதச் சொன்னதுதான்.”

“எழுத்துப் பிழைக்கு நான் மார்க் போட முடியாதும்மா.”

“பிழைச்சாப் போதும் சார்” என்றார் அக்கா.

பரஞ்சோதிக்குப் புரிந்ததா என்பது அண்ணனுக்குத் தெரியவில்லை. அவர் தெற்கு முனையை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு தாளில் எழுதினார். வேம்பு தேர்ச்சி. தங்கப்பொண்ணு தேர்ச்சி இல்லை. “மறுதேர்வு உண்டு, நானேதான் வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய பலகையை அன்று சாயங்காலம் கிடங்கில் பூட்டினார்கள். வேம்பு புதுப் பலகையோடு வடக்கு முனைக்கு வந்தாள். அதில் என்ன எழுதியிருந்தாலும் லாரி மட்டும்தான் நின்றது. அக்காவைக் கிரஷருக்கு அனுப்பத் தெய்வசிகாமணிக்கு மனம் வரவில்லை. புதுப் பாலத்தின் கான்கிரீட்டுக்குமேல் சாக்கைப் பரப்பித் தண்ணீர் ஊற்றும் வேலையில் போட்டார். பதினோரு வாரம் அக்கா குடம் சுமந்தார். பரஞ்சோதி சொன்னபடியே வந்தார். இந்த முறை புதுப் பலகை, கை தூரம், முழு மதிப்பெண். அதற்குள் வேம்புக்கு வயிறு சட்டைக்கு வெளியே வந்து, எல்லோருக்கும் தெரிந்து, தெய்வசிகாமணி திட்டிவிட்டு, வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அக்கா வடக்கு முனைக்குத் திரும்பினார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்து நான் இறங்கப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

வேம்புக்குச் சொன்ன தேதி வந்தது, போனது. ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தார்கள். நடக்கச் சொன்னார்கள், ஊசி போட்டார்கள். துடிப்பு நன்றாக இருந்தது, தலை கீழே இருந்தது, வலி மட்டும் வரவில்லை. “நிலைன்னா அப்படி ஒரு நிலை” என்றார் அண்ணன். “போதாக்குறைக்கு அது இருந்த எடம் சுகாதார நிலையம். பின்ன எப்படிங்க வெளிய வரும்?” மத்தியானத்துக்குள் வலி வராவிட்டால் ஆம்புலன்ஸில் அரியலூருக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், வேம்பின் வீட்டுக்காரர் பிச்சைமுத்து மொபெட்டை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தார்.

“அக்கா, நீங்க சொன்னது நல்லா நிலைச்சிருச்சு. இப்ப வரமாட்டேங்குது.”

அக்கா தெய்வசிகாமணியிடம் கிடங்குச் சாவியை வாங்கி, பழைய பலகையை எடுத்து, ‘நிலை’ பக்கத்தைத் துண்டால் கட்டி, மொபெட்டில் பின்னால் ஏறினார். தெய்வசிகாமணி அவர் திரும்பி வரும்வரை வடக்கு முனையில் தானே நின்றார். சான்றிதழ் இல்லாமல் நின்றது தவறு என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டாராம்.

பிரசவ அறைக்குள் பலகை கொண்டுவரக் கூடாது என்று நர்ஸ் தடுத்தார். அக்கா வெளியே ஜன்னலுக்கு எதிரில் போனார். ஆட்களை விலகச் சொல்லித் தனியாக நின்றார். ஜன்னலுக்கு முகம் காட்டி நின்றார். பலகையை உடம்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பச்சைப் பக்கத்தைக் காட்டினார். உள்ளே வேம்பு தலையைத் திருப்பி அதைப் படித்தாள். பஸ்ஸில் பன்னிரண்டே கால் நடைக்கு ஆள் ஏறிக்கொண்டிருந்தபோது குழந்தை அழும் சத்தம் நிறுத்தம்வரை கேட்டது என்கிறார் அண்ணன்.

“பேரு என்ன வச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?”

நான் தெரியாது என்றேன்.

“செல்வி” என்றார். “அவ மட்டும் இந்தப் பலகைய இன்னும் மறக்கல. ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கிறா, ஓடிக்கிட்டே இருக்கா.”

இனி, நான் பார்த்தது. மதிப்பெண் தாள்கள் எங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. தங்கப்பொண்ணு அக்காவின் முதல் தாளில் பதினொன்றாம் அம்சத்துக்கு எதிரில் பூஜ்யம் போட்டிருக்கிறது. ஏழாம் அம்சத்தில் டிக் போட்டபடியே இருக்கிறது. அவர் உட்கார்ந்ததைப் பரஞ்சோதி சார் பார்க்கவில்லை போலும். அல்லது பார்த்தும் எழுதவில்லை. குறிப்பு எழுதும் இடம் காலியாக இருந்தது. அதனால் போன வாரம் கிடங்கு திறந்திருந்தபோது பலகையைப் பார்க்கப் போனேன். சுண்ணாம்புக்கல்லால் தகரத்தில் எழுதியது விரலால் தேய்த்தாலே போய்விடும் என்று எனக்குத் தெரியும். நான் படித்தது கட்டுமானப் பொறியியல். கொம்பின் ஒரு சுழியை ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தேன், கடைசித் தடவை அழுத்தித் துடைத்தேன். துணியில் சிவப்பு ஒட்டியது. வெள்ளை ஒட்டவில்லை.